அண்ணனின் மடக்குக் கத்தி



போன வாரம் என் சாப்பாட்டு மேசையின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். நாலைந்து மடக்குக் கத்திகள், ஒரு தீட்டுக்கல், உப்புத்தாள், தையல் மிஷின் எண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு கேள்வி. "டீச்சர், ரிடையர் ஆனதும் சாணை பிடிக்கிற கடை போட்டுட்டீங்களா?" என்று ஒருவன். "அதுல எங்கிட்ட பிடுங்கின கத்தி இருக்கா டீச்சர்?" என்று இன்னொருவன். இல்லையப்பா. வகுப்பில் பிடுங்கிய பேனாக்கத்திகளை எல்லாம் முழு ஆண்டுத் தேர்வு முடிகிற அன்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். சவரப் பிளேடு மட்டும்தான் குப்பைக்குப் போகும். பழைய பிள்ளைகளுக்கு இது நினைவிருக்கும்.

சொந்தக்காரர்களின் கேள்வி வேறு மாதிரி. "இந்த வயசுல, அதுவும் பொம்பளைக்கு, இது என்ன வேலை?" வேதியியல் ஆய்வகத்தை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவளுக்கு உடைந்ததை ஒட்டுவதும், இறுகினதைத் தளர்த்துவதும் பழகிய வேலை. பியூரெட்டின் திருகு இறுகிப்போனால் ஊரிலிருந்து மெக்கானிக்கா வருவார்? அந்தக் கைதான் இப்போது கத்தியைத் தொடுகிறது.

தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆனாலும் ஒரு பாடவேளையை விடக் குறைவுதான். முதலில் பாடம், பிறகு வீட்டுக் கதை. கதைக்குப் பாடம் தேவைப்படும், அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

பேனாக்கத்தி என்ற பெயரை எத்தனை பேர் யோசித்திருப்பீர்கள்? பறவையின் இறகைச் சீவிப் பேனா செய்த காலத்தில், அந்த முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தி அது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு, மடக்கெழுத்தாணி. ஒரே பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணி மடங்கியிருக்கும், மறுபக்கம் சிறு கத்தி. ஓலையை வாரி ஓரம் நறுக்கக் கத்தி, எழுத ஆணி. இரண்டு தேசத்திலும் மடக்குக் கத்தி எழுத்துக்கு ஊழியம் செய்திருக்கிறது. வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதை விட என்ன நியாயம் வேண்டும்!

எல்லாருக்கும் தெரிந்த சிவப்புக் கத்தியின் கதையும் எளியதுதான். கார்ல் எல்சனர் என்பவர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-இல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி கொடுத்தார். 1897-இல் அதிகாரிகளுக்கென்று இன்னும் கச்சிதமான ஒன்றைச் செய்தார். இன்று உங்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவது அதன் வாரிசுகளைத்தான்.

சாதாரண மடக்குக் கத்திக்கு உள்ளே முக்கியமானவை மூன்று: அலகு, அது சுழலும் ஆணி, முதுகுப் பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும் வில். விரிக்கும்போதும் மடக்கும்போதும் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா? அலகின் அடிப்பகுதியில் உள்ள தட்டையான இடத்தில் வில் விழுகிற சத்தம் அது. வைத்தியர் நாடி பார்ப்பது போல, நான் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் கேட்பேன். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே அழுக்கு, அல்லது வில் தளர்ந்திருக்கிறது. அலகை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? ஆணி தேய்ந்திருக்கிறது.

என்னிடம் வருகிற கத்திகளில் பாதிக்கு மேல் ரிப்பேரே தேவைப்படுவதில்லை, குளிப்பாட்டினால் போதும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்குள் வைத்து, இருபது முப்பது முறை மெதுவாக விரித்து மடக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஆணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நல்லெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். பழம் நறுக்குகிற கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.

மரப்பிடிக் கத்திக்குத் தண்ணீரே ஆகாது. பிரான்ஸில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி எனக்கு ஒபினெல் கத்தி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். மழைக்காலத்தில் அதன் பிடி ஈரத்தில் ஊதி அலகை விடாமல் பிடித்துக்கொண்டது. அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. பிடியின் பின்கோடியை மேசையில் லேசாகத் தட்டினால் அலகு சிறிது வெளியே எட்டிப்பார்க்கும். அந்தக் கத்தி பிறந்த சவோய் மலைநாட்டுக்காரர்களின் பழைய வழி அது.

அடுத்தது தீட்டுவது. 'சைன் தீட்டா எதுக்கு டீச்சர் உதவும்?' என்று கணக்கு டீச்சரிடம் கேட்க முடியாமல் என்னிடம் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இதற்கு உதவும். அலகின் அகலம் 20 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு வேண்டும். சைன் 20 ஏறக்குறைய 0.34. பெருக்கினால் 7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து அவ்வளவு உயரத்தில் வைத்து, அதே உயரம் மாறாமல் இழுத்தால் போதும். ஒரு பக்கம் தீட்டினால் மறுபக்கம் பிசிறு தட்டுப்படும். அது தட்டுப்பட்டதும் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்பக்கமாக வைத்துப் பத்து இழுப்பு.

மின்சாரச் சாணையில் வைத்துத் தீப்பொறி பறக்க இழுத்து வாங்கிய கத்தி ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்தார். விளிம்பு முழுக்க நீலம் பாய்ந்திருந்தது. பதமிட்ட எஃகு சூடேறினால் ஏறக்குறைய 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும், 300-ஐ நெருங்கும்போது நீலமும் காட்டும். நீலம் தெரிந்தால் அங்கே பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். அந்த நீலப் பகுதி தேய்ந்து போகும்வரை கல்லிலேயே இழுக்கச் சொன்னேன்.

இதிலே மறக்கக்கூடாதது ஒன்று. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கத்தி கொஞ்சம் குறைகிறது. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் எதைத் தொடுவது என்பதை விட, எதைத் தொடாமல் விடுவது என்று யோசித்த பிறகே கையில் அரத்தை எடுக்க வேண்டும்.

பாடம் முடிந்தது. இனி வீட்டுக் கதை.

என் அண்ணனுக்கு 79 வயது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். நாற்பது வருடமாக ஒரே மடக்குக் கத்திதான். திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தின்போது கடையில் வாங்கியது. அதன் பித்தளைப் பூணில் அப்பா ஆணியால் ஓர் எழுத்துக் கீறிக் கொடுத்தார். மூட்டைக் கயிறு அறுப்பது, தண்டில் வருகிற போத்தைச் சீவுவது, கொய்யா நறுக்குவது, மத்தியானப் பாக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

மூன்று வருடமாக அண்ணனுக்குக் கை நடுக்கம். போன ஆடியில் கத்தியை விரிக்கும்போது அலகு திடீரென்று வெளியே வந்து, இடது சுட்டுவிரலில் நாலு தையல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்தம் நிற்கவே நேரமானது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். மூத்தவன் கத்தியை எடுத்துப் பீரோ மேலே வைத்துவிட்டான். "இனி அப்பாவுக்குக் கத்தி வேண்டாம் அத்தை" என்று என்னிடம் போனில் சொன்னான். அவன் பயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவன் அவன்தானே.

ஒரு மாதம் கழித்து மதினி கூப்பிட்டார்கள். "உங்க அண்ணன் இப்பம் தோட்டத்துக்கே போமாட்டேங்காவ. போனா ஒரு கயிறு அறுக்கக்கூட அடுத்தவன்கிட்ட கை நீட்டணும்ங்காவ. வாசல்லயே உக்காந்திருக்காவ."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளிடம் பிடுங்கின கத்திக்குத் திருப்பிக் கொடுக்கிற நாள் என்று ஒன்று இருந்தது. தேர்வு முடிகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வயதானவர்களிடம் வாங்கி வைக்கிற பொருளுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. இரு சக்கர வண்டி, சமையல் அடுப்பு, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறிப் பீரோவில் உட்கார்ந்துகொள்ளும், இறங்காது.

"ரிப்பேர் பார்த்துத் தருகிறேன், கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி மூத்தவனிடம் கத்தியை வாங்கி வந்தேன்.

மேசையில் வைத்துப் பார்த்தபோது நாலு கோளாறு தெரிந்தது. காய்ந்த எலுமிச்சைச் சாறும் மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்து ஆணியை இறுக்கியிருந்தன. பலமாக இழுத்தால்தான் அலகு அசையும், அசைந்தால் ஒரேயடியாக வரும். நகம் வைத்து இழுக்கிற பள்ளம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நாற்பது வருடத் தீட்டலில் வாய்ப்பக்கம் குறைந்து குறைந்து, மடக்கி வைத்தாலும் முனை பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாயோ கயிற்றை அறுக்காமல் நசுக்குகிற அளவுக்கு மழுங்கல். மழுங்கல் கத்திக்குத்தான் பலம் கொடுத்து அழுத்துவோம். அழுத்துகிற கைதான் வழுக்கும். கை நடுக்கம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு தையலில் கைக்கு இருந்த பங்கை விடக் கத்தியின் பங்கு அதிகம் என்று எனக்குப் பட்டது.

கையை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு டாக்டர் இருக்கிறார். கத்தியைக் கைக்குத் தக்கபடி மாற்றலாம்.

முதலில் குளியல். இரண்டு நாள் ஊறிய பிறகுதான் ஆணி சுதாரித்தது. 'டப்' சத்தம் திரும்பி வந்தபோது அண்ணனின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது.

நீட்டிக்கொண்டிருக்கிற முனைக்கு இரண்டு வழி உண்டு. மடக்கும்போது அலகின் அடியில் வில்லில் போய் இடிக்கிற சின்ன மேடு ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் அராவினால் அலகு உள்ளே இறங்கும். அளவு தாண்டினால் வாய் வில்லில் இடித்து மழுங்கும். இன்னொரு வழி, முதுகுப் பக்கத்திலிருந்து முனையை வளைவாகத் தேய்த்து, கூர்மையே இல்லாமல் செய்வது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலக் கப்பல்காரர்களின் கத்தி அப்படித்தான் இருந்தது. ஆடுகிற கப்பலில் யாரையும் குத்திவிடக் கூடாது என்று முனை மொட்டையாக இருக்கும். ஆடுகிற கைக்கும் அதே நியாயம்தான். தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் உடனே தண்ணீரில் முக்கி, மூன்று சாயங்காலம் பிடித்தது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அண்ணனின் கத்தியில் பூட்டு கிடையாது, வில்லின் அழுத்தம் மட்டும்தான். இப்படிப்பட்ட கத்தி விரலின் மேல் மடங்குவது பெரும்பாலும் முனையால் குத்தும்போதுதான். குத்த முனையே இல்லையென்றால் குத்துகிற பழக்கமும் போய்விடும்.

மூன்றாவது, விரிக்கிற வழி. நகத்தை நம்பாமல், பிடியின் இரண்டு பக்கமும் வட்ட அரத்தால் அரை நிலா போல ஒரு வெட்டு எடுத்தேன். உள்ளே இருக்கும் தகடு பித்தளை, அரத்துக்கு எளிதாக வழிவிடும். இப்போது மடங்கியிருக்கும் அலகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துச் சாவதானமாக விரிக்கலாம்.

கடைசியாகப் பிடி. பழைய பிடி மெலிசு, ஒரு பக்கம் வெடிப்பு வேறு. நடுக்கம் உள்ளவர்களுக்குக் கரண்டிப் பிடியைத் தடிமனாக்கிக் கொடுப்பது பலருக்கும் தெரிந்த உபாயம்தானே. அண்ணன் தோட்டத்தில் பட்டுப்போய்க் காய்ந்து கிடந்த எலுமிச்சைக் கிளை ஒன்றை மதினி அனுப்பிவைத்தார்கள். இளமஞ்சள் நிறம், நெருக்கமான இழை, நல்ல கனம். அதில் இரண்டு சில்லு அறுத்து, அரல்டைட் தடவி, பித்தளைக் கம்பியால் ஆணி அடித்து, உப்புத்தாளால் உருட்டினேன். பழையதை விட ஒன்றரை மடங்கு தடிமன். பின்கோடியில் துளையிட்டு மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு.

அலகில் கறுப்பேறியிருந்ததை எடுக்கவில்லை. சிட்ரிக் அமிலம் பட்டுப் பட்டுச் சாதா எஃகின் மேல் படிந்த கறுப்பு அது. செந்துரு இரும்பைத் தின்னும், இந்தக் கறுப்பு அப்படித் தின்னாது. துருப்பிடிக்காத எஃகு என்பதே 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டுகொண்டது, எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் அது தாங்கியது. அண்ணன் கத்தி அந்த ஜாதி இல்லை. சாற்றைத் துடைத்துவைத்தால் போதும். பூணையும் மெருகேற்றவில்லை. மெருகேற்றினால் அப்பாவின் எழுத்து போய்விடும்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். அதற்கு முன் ஒபினெலைக் காட்டினேன். 1955-இலிருந்து அதில் ஒரு வளையப் பூட்டு வருகிறது. வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. உள்ளபடி சொன்னால் அதுதான் இன்னும் பத்திரம். அண்ணன் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்ளா இருக்கு. ஆனா இது உன் கத்தி" என்று மடக்கி வைத்துவிட்டார்.

பிறகு அவர் கத்தியை நீட்டினேன். "கீழ வைளா, நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் அம்மா சொல்லிவைத்தது. தரையில் வைத்தேன். எடுத்து, முதலில் பூணைத் தடவிப் பார்த்தார். எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு கிள்ளி விரித்தார், முதல் தடவையிலேயே வந்தது. மொட்டை முனையைப் பார்த்து, "கிழவனுக்குப் பல்லு போன மாதிரி இருக்கு" என்றார். சிரித்தார். மதினி உள்ளே போய்விட்டார்கள்.

மூத்தவன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ அறுத்துக்கிட்டா யாரு பொறுப்பு அத்தை?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பேசி மூன்று நிபந்தனை வைத்தோம். உட்கார்ந்துகொண்டுதான் கத்தியை விரிப்பது. காலையில் மாத்திரை வேலை செய்து நடுக்கம் அடங்கியிருக்கிற நேரத்தில் மட்டும். இடது கையில், இளையவன் வாங்கி வந்த, வெட்டுத் தாங்கும் கையுறை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையுறையை மட்டும் யாராவது பார்க்கும்போதுதான் போடுகிறார் என்று மதினி துப்புச் சொல்கிறார்கள். அண்ணே, இதைப் பேத்தி உங்களுக்குப் படித்துக் காட்டுவாள், இனி ஒழுங்காகப் போடுங்கள்.

புறப்படும்போது வாசலில் வைத்து அண்ணன் மூத்தவனிடம் சொன்னது இது: "நடுக்கம் கூடிட்டுன்னா நீ வந்து கேக்காண்டாம். நானே கொண்டாந்து உன் முன்னால வைக்கேன்." அதன் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. எனக்கும் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து மாதமாகிறது. அண்ணன் தினமும் தோட்டத்துக்குப் போகிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம், உங்களில் பலருக்கு இப்போது வீட்டில் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள். அம்மா அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டாலோ, அப்பா ஏணியில் கால் தவறினாலோ, பொருளை எடுத்து ஒளித்து வைப்பதுதான் நமக்கு முதலில் தோன்றும். சில சமயம் அதுதான் சரி. அதற்கு முன்பு ஒரு நாள் அந்தப் பொருளை மேசையில் வைத்துப் பாருங்கள். எது கையின் கோளாறு, எது பொருளின் கோளாறு என்று பிரித்து எழுதுங்கள். பொருளில் மாற்றக்கூடியது என்ன என்று அவர்களிடமே கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

கத்தி ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். அலகை மடக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். விமானத்தில் வருகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள், பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள், அங்கே முழு ஆண்டுத் தேர்வெல்லாம் கிடையாது. கூலி கிடையாது. எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம், அண்ணன் மூட்டையாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், அத்தை, சித்தி